காட்சி வேட்டுவர்: அமெரிக்கத் தொலைக்காட்சி வேட்டை நிகழ்ச்சிகளில் தேர்ச்சியும் மெய்ம்மையும்

முன்னுரை

வேட்டை மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. தொலைக்காட்சி அவனுடைய புதிய கலைகளுள் ஒன்று. இவ்விரண்டும் இணைந்து பிறந்தவையே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல்லாண்டுகளாக ஒளிபரப்பாகி வரும் வேட்டை நிகழ்ச்சிகள். 1990களுக்குப் பின் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்குமென்றே தனி அலைவரிசைகள் அங்குத் தோன்றின. அவற்றின்வழிச் சில வேட்டைக்காரர்கள் திரைப்பட நடிகர்களுக்கு நிகரான புகழையும் பெற்றனர். இவர்கள் உண்மையிலேயே தேர்ந்த வேட்டுவர்களா, அல்லது வேட்டுவர் வேடம் புனைந்த நிகழ்ச்சி நடத்துநர்களா என்னும் வினா அந்நாட்டு வேட்டைக்காரர்களிடையே நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. அவ்வினாவை ஒரு திறனாய்வுச் சிக்கலாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேட்டைப் பழக்கமே இல்லாத தமிழாசிரியருக்கும் ஆய்வாளருக்கும் இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். காட்சியைச் சான்றாக ஏற்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். கண்ணால் கண்டதே மெய் என்னும் நம்பிக்கையைத் தொகுப்பாளரின் கத்தரி எவ்வாறு கையாள்கிறது என்பதை அறிவதற்கு வேட்டை நிகழ்ச்சி மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். ஏனெனில், இங்கு மறைக்கப்படுவது ஓர் உயிரின் சாவோடு தொடர்புடையது.

வினாவைப் பிரித்தறிதல்

மேற்கூறிய வினாவில் இரண்டு கூறுகள் கலந்துள்ளன. ஒன்று தேர்ச்சி, மற்றொன்று மெய்ம்மை. தேர்ச்சி என்பது வேட்டுவரின் கையிலும் கண்ணிலும் காலிலும் உள்ளது. நிலத்தை வாசித்தல், காற்றின் திசை அறிந்து நகர்தல், தடம் பார்த்தல், அசையாது காத்திருத்தல், எய்ய வேண்டிய கணத்தையும் எய்யக் கூடாத கணத்தையும் பிரித்தறிதல், அடிபட்ட விலங்கைக் குருதித் தடம் பற்றிச் சென்று கண்டெடுத்தல், இறைச்சியை வீணாக்காது பயன்கொள்ளுதல் ஆகியன அதன் உறுப்புகள். குறி தவறாது எய்தல் இவற்றுள் ஒன்று மட்டுமே. மெய்ம்மை என்பதோ நிகழ்ந்ததற்கும் காட்டப்பட்டதற்கும் இடையேயுள்ள உறவைப் பற்றியது.

ஒருவர் தேர்ந்த வேட்டுவராக இருந்தும் அவருடைய நிகழ்ச்சி பொய்யாக இருத்தல் கூடும். தேர்ச்சி குறைந்த ஒருவர் தம் குறையை மறையாது காட்டினால் அந்நிகழ்ச்சி மெய்யாகவும் இருத்தல் கூடும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே இது குறித்த விவாதங்கள் பெரும்பாலும் தனிமனிதப் புகழ்ச்சியாகவோ இகழ்ச்சியாகவோ முடிந்துவிடுகின்றன.

தொலைக்காட்சிக்கு முன்

புகழ்பெற்ற வேட்டுவர் என்னும் சிக்கல் தொலைக்காட்சியோடு தொடங்கியதன்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூசுவெல்ட் 1902ஆம் ஆண்டு நவம்பரில் மிசிசிப்பி மாநிலத்திற்குக் கரடி வேட்டைக்குச் சென்றார். வேட்டையை முன்னின்று நடத்தியவர் ஹோல்ட் காலியர் என்னும் கறுப்பின வழிகாட்டி. அடிமையாகப் பிறந்த அவர், அப்பகுதியின் தலைசிறந்த கரடி வேட்டுவராக மதிக்கப்பட்டவர். தம் நாய்களைக் கொண்டு கரடியைத் துரத்தி மடக்கியவர் அவரே. ரூசுவெல்ட் அப்போது அவ்விடத்தில் இல்லாமையால், காலியர் கரடியை அடித்துச் சோரச் செய்து மரத்தோடு கட்டி வைத்தார். வந்து கண்ட ரூசுவெல்ட், கட்டுண்ட விலங்கைச் சுடுவது வேட்டை நெறியாகாது என்று மறுத்து, அதன் துன்பத்தை முடித்து வைக்குமாறு பணித்தார். இந்நிகழ்ச்சி வாஷிங்டன் நாளேடொன்றில் கிளிஃபோர்டு பெரிமன் வரைந்த கேலிச்சித்திரமாக வெளிவந்தது. அதிலிருந்தே டெடி கரடி என்னும் பொம்மையும் பிறந்தது.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தடம் அறிந்தவர், நாய்களைப் பழக்கியவர், கரடியை உயிரோடு கட்டியவர் காலியர். புகழ் பெற்றவர் எய்யாது நின்ற ரூசுவெல்ட். ரூசுவெல்டின் மறுப்பு நேர்மையானதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேட்டைத் திறன் ஒருவரிடமும் வேட்டைப் புகழ் மற்றொருவரிடமும் சேர்ந்ததற்கு இஃது ஒரு தொடக்ககாலச் சான்றாகும். காலியரின் பெயரில் மிசிசிப்பியில் ஒரு தேசிய வனவிலங்குப் புகலிடம் அமைவதற்கு 2004ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த சான்று திரைப்படத் துறையிலிருந்து கிடைக்கிறது. 1909ஆம் ஆண்டில் ரூசுவெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைப் பயணம் மேற்கொண்டார். அப்பயணத்தில் அவரும் அவர்தம் மகன் கெர்மிட்டும் கொன்ற விலங்குகள் 512. அவர் ஆப்பிரிக்காவில் இருந்த காலத்திலேயே, சிகாகோவில் வில்லியம் செலிக் என்னும் படத்தயாரிப்பாளர் ஒரு சிங்கத்தை விலைக்கு வாங்கினார். ரூசுவெல்டைப் போன்ற தோற்றமுடைய நடிகர் ஒருவரை அமர்த்தினார். படப்பிடிப்புக் கூடத்திலேயே ஆப்பிரிக்கக் காட்டை அமைத்து அச்சிங்கத்தைக் கொல்லும் காட்சியைப் படமாக்கினார். ரூசுவெல்ட் சிங்கம் எய்த செய்தி வந்ததும் படம் திரைக்கு வந்து பெருவெற்றி பெற்றது. ஆப்பிரிக்காவுக்கே சென்று ரூசுவெல்டை நேரில் படம் பிடித்தவர் செர்ரி கியர்ட்டன். 1910இல் வெளியான அவருடைய உண்மைப் படத்திற்கு அத்தகைய வரவேற்புக் கிடைக்கவில்லை. உண்மை வேட்டை தொலைவானது, மெதுவானது, பெரும்பாலும் ஒன்றும் நிகழாதது. போலி வேட்டையில் சிங்கம் உரிய நேரத்தில் வந்து உரிய இடத்தில் விழுந்தது. பின்னாளில் எழுந்த தொலைக்காட்சி வேட்டையின் இக்கட்டு முழுவதும் இவ்விரு படங்களுக்கு இடையே முன்கூட்டியே வெளிப்பட்டுவிட்டது எனலாம்.

சின்னத்திரையின் வருகை

அமெரிக்க வில்வேட்டையின் முன்னோடியாகக் கருதப்படும் பிரெட் பேர் (1902–1988) இத்துறையில் குறிப்பிடத்தக்கவர். ஆர்தர் யங் என்பவரின் அலாஸ்கா வேட்டைப் படத்தைக் கண்டு வில்லின்மீது நாட்டம் கொண்ட இவர், பின்னர் வில் செய்யும் தொழில் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். தம் வேட்டைகளைத் தாமே படங்களாக்கி நாடெங்கும் காட்டினார். அவருடைய தேர்ச்சியை எவரும் மறுப்பதில்லை. எனினும், அப்படங்கள் வில்வேட்டையைப் பரப்பியதோடு வில் விற்பனையையும் வளர்த்தன. வேட்டுவரே வணிகராகவும் தம் புகழுக்குத் தாமே ஊடகமாகவும் அமையும் போக்கு இங்குத் தெளிவாகத் தொடங்குகிறது.

1965 முதல் 1986 வரை ஏபிசி நிறுவனம் ஒளிபரப்பிய ‘தி அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ்மேன்’ நிகழ்ச்சி வேறொரு வகையைச் சார்ந்தது. விளையாட்டு வருணனையாளரான கர்ட் கவுடி அதனை வழங்கினார். பிங் கிராஸ்பி போன்ற கலைஞர்கள் அதில் வேட்டையாடினர். இங்கு முதலில் வந்தது புகழ். வேட்டை அதன்பின் வந்தது. இவர்களைத் தேர்ந்த வேட்டுவர் என்று நிகழ்ச்சியும் சொல்லவில்லை; பார்வையாளரும் அவ்வாறு கொள்ளவில்லை. எனவே இதில் ஏமாற்று ஏதும் இல்லை என்றே கொள்ளலாம். 1975ஆம் ஆண்டில் சிபிஎஸ் நிறுவனம் ஒளிபரப்பிய ‘தி கன்ஸ் ஆஃப் ஆட்டம்’ என்னும் ஆவணப்படமோ குப்பைமேட்டருகே நடந்த கரடி வேட்டையையும், வேலிக்குள் அடைக்கப்பட்ட அயல்நாட்டு விலங்குகள் சுடப்படுவதையும் காட்டி வேட்டைக்காரர்களின் கடும் எதிர்ப்பைப் பெற்றது. விளம்பரதாரர் பலர் விலகினர். வேட்டையின் அழகை மட்டும் காட்டும் படமும் அதன் இழிவை மட்டும் காட்டும் படமும் தேர்ந்தெடுத்துக் காட்டுவனவே. ஆயினும் விளம்பரதாரர் எதனைத் தாங்குவர், எதனைத் தாங்கார் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

தேர்ச்சிக்குச் சார்பான வாதங்கள்

தொலைக்காட்சி வேட்டுவர்களைப் போலிகள் என்று ஒரே அடியாகத் தள்ளிவிடுவது நடுவுநிலையான திறனாய்வு ஆகாது. அவர்கள் சார்பில் மூன்று வாதங்களை முன்வைக்கலாம்.

முதலாவது, ஒளிப்பதிவாளரின் சுமை. மோப்பத்தாலும் செவியாலும் வாழும் மானை ஒருவர் அணுகுவதே அரிது. கருவிகளைத் தூக்கிய மற்றொருவர் உடனிருக்கும்போது மனித வாடையும் ஓசையும் அசைவும் இரட்டிக்கின்றன. விலங்கு அம்பெல்லைக்குள் வந்தாலும், ஒளிப்பதிவாளர் அதனைத் தம் சட்டகத்துள் கொண்டுவரும்வரை வேட்டுவர் காத்திருத்தல் வேண்டும். பல மாநிலங்களில் சூரியன் மறைந்து அரைமணி நேரம்வரை வேட்டையாடச் சட்டம் இடமளிப்பினும், படம் பிடிப்பதற்குரிய வெளிச்சம் அதற்கு முன்பே குன்றிவிடுகிறது. மான்கள் வெளிவரும் சிறந்த நேரம் அதுவே. இத்தனை தடைகளுக்கிடையே வெற்றி பெறுவோரிடம் தேர்ச்சி இல்லை என்று கூற இயலாது.

இரண்டாவது, பயிற்சி. வேறு தொழில் பார்க்கும் வேட்டைக்காரர் ஆண்டில் சில நாட்களே காட்டுக்குச் செல்கிறார். நிகழ்ச்சி நடத்துபவர் பருவம் முழுவதும் பல நிலப்பகுதிகளில் வேட்டையாடுகிறார். மிகுந்த பழக்கம் ஓரளவு தேர்ச்சியைத் தந்தே தீரும்.

மூன்றாவது, புகழுக்கு முந்திய வாழ்க்கை. பில் ராபர்ட்சன் 1970களில் லூசியானாவில் வாத்துகளை அழைக்கும் ஊதுகருவியைச் செய்து விற்றவர். நீர்ப்பறவைகளின் குரலையும் போக்கையும் ஆழ்ந்து அறிந்தவர். 2025இல் மறைந்த அவரும் அவர் குடும்பத்தாரும் தோன்றிய ‘டக் டைனஸ்டி’ (2012–2017) நிகழ்ச்சியின் பகுதியொன்றை 2013 ஆகஸ்டில் 1 கோடியே 18 இலட்சம் பேர் கண்டனர். ஆனால் அந்நிகழ்ச்சியில் வேட்டை சிறுபகுதியே. பெரும்பகுதி முன்னரே வகுத்தமைத்த குடும்ப நகைச்சுவை. தேர்ச்சி மெய்யாகவும் நிகழ்ச்சி புனைவாகவும் அமைந்தமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்பது அரிது.

தொகுப்பு மறைப்பவை

இனி எதிர்த்தரப்பை நோக்குவோம். அரைமணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக எஞ்சுவது இருபது நிமிடத்திற்குச் சற்றே மிகுதியான நேரம். அதற்குள் ஒரு வேட்டை தொடங்கி வளர்ந்து முடிதல் வேண்டும். எனவே முதலில் நீக்கப்படுவது காலம். ஒன்றும் நிகழாத நாட்கள் மறைகின்றன. காத்திருத்தலே வேட்டையின் பெரும்பகுதி ஆதலின், அதை நீக்கும்போது தேர்ச்சியின் பெரும்பகுதியும் நீக்கப்படுகிறது. எஞ்சுவது எய்யும் கணமும் வெற்றிப் புன்னகையும் மட்டுமே.

இரண்டாவதாக நீங்குவது நிலம். பெரும்பாலான அமெரிக்க வேட்டைக்காரர்கள் அயலவர் நெருக்கமிக்க சிறு நிலங்களிலோ பொது நிலங்களிலோ வேட்டையாடுகின்றனர். நிகழ்ச்சிகளில் வரும் பெருங்கொம்பு மான்கள் பலவும் கடும் கட்டுப்பாட்டில் பேணப்படும் தனியார் நிலங்களில் வளர்ந்தவை. தீவனப் பயிர் விதைத்து, இளம் ஆண்மான்களை எய்யாது விட்டு, பல்லாண்டு முதிரச் செய்து பேணப்படுபவை. சில இடங்களில் உயர்ந்த வேலியும் உண்டு. ரூசுவெல்டும் அவர்தம் நண்பர்களும் 1887இல் தோற்றுவித்த பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், விலங்குக்குத் தப்பும் வாய்ப்பளிக்கும் நேர்வேட்டை நெறியை வகுத்தது. வேலிக்குள் கொல்லப்பட்ட விலங்குகளை அது தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. சட்டகத்துள் வராத வேலியைப் பார்வையாளர் எவ்வாறு அறிவார்?

மூன்றாவதாக நீங்குவது வழிகாட்டி. பரண் எங்கே அமைப்பது, காற்று எப்போது திரும்பும், மான் எத்தடத்தில் வரும் என்பவற்றை ஆண்டு முழுவதும் கண்காணித்து அறிந்தவர் உள்ளூர் வழிகாட்டியே. நட்சத்திர வேட்டுவர் வந்து அமர்ந்து எய்கிறார். அந்நிலையில் அவர் வெளிப்படுத்துவது குறிதவறாமை மட்டுமே; முன்னர்க் கூறிய மற்ற உறுப்புகள் வழிகாட்டிக்கு உரியவை. காலியர் இன்றும் சட்டகத்திற்கு வெளியேதான் நிற்கிறார்.

சட்டத்தின் முன் ஒரு சான்று

டெட் நியூஜென்ட் புகழ்பெற்ற ராக் இசைக்கலைஞர். இளமைமுதல் வில்லெடுத்தவர், பிரெட் பேரைப் போற்றி 1995இல் ஒரு பாடலையே வெளியிட்டவர். அவர் நடத்திய ‘ஸ்பிரிட் ஆஃப் தி வைல்ட்’ நிகழ்ச்சியின் ஒரு பகுதி 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒளிபரப்பாயிற்று. கலிபோர்னியாவில் அவர் ஒரு மானை எய்ததை அது காட்டியது. அதனைக் கண்ட அம்மாநில வனவிலங்கு அதிகாரிகள், அம்மான் இரை வைத்து ஈர்க்கப்பட்டது என்பதை உணர்ந்தனர். கலிபோர்னியாவில் மானுக்கு இரை வைத்து வேட்டையாடுதல் குற்றம். அதே ஆண்டு ஆகஸ்டில், இரை வைத்தல், மான் உரிமச்சீட்டில் உரிய கையொப்பம் பெறாமை ஆகிய இரு குற்றச்சாட்டுகளை அவர் எதிர்த்து வாதிடாமல் ஏற்று 1,750 டாலர் தண்டம் செலுத்தினார்.

இரண்டாவது வழக்கு மேலும் ஆழமானது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்கிழக்கு அலாஸ்காவின் சுக்வான் தீவில் அவர் ஒரு கருங்கரடிமேல் அம்பெய்தார். காயமுற்ற கரடி தப்பியது; கண்டெடுக்கப்படவில்லை. சில நாட்களுக்குப் பின் மற்றொரு கரடியைக் கொன்றார். அப்பகுதி விதிப்படி காயமுற்ற கரடியும் ஒருவருக்குரிய எண்ணிக்கையில் சேரும். எனவே இரண்டாம் கரடி சட்டத்துக்குப் புறம்பானதாயிற்று. 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 10,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவ்விதியைத் தாம் அறிந்திருக்கவில்லை என்றும் அவர் கூறினார்.

அக்கூற்றை மெய்யென்றே கொள்வோம். அறியாமை எவர்க்கும் நேரக்கூடியது. ஆனால் அந்த விதி உணர்த்தும் அறத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காயப்படுத்தியதும் வேட்டையே, கண்டெடுக்காத உயிருக்கும் கணக்கு உண்டு என்பதே அவ்விதியின் பொருள். தொலைக்காட்சியின் விதியோ இதற்கு நேர்மாறானது. விலங்கு விழும் காட்சி கிடைக்கவில்லையாயின் அவ்வேட்டை நிகழ்ச்சியாக முற்றுப்பெறுவதில்லை. சட்டம் முதற்கரடியோடு வேட்டையை முடித்துவிடுகிறது. நிகழ்ச்சி இரண்டாம் கரடியைக் கேட்கிறது. நியூஜென்டின் வில்திறனை இவ்வழக்குகள் பொய்யாக்கவில்லை. அத்திறனை ஆளும் தலைவன் யார் என்னும் வினாவையே இவை எழுப்புகின்றன.

மாற்று முயற்சி

எழுத்தாளரும் வேட்டுவருமான ஸ்டீவன் ரினெல்லாவின் ‘மீட்ஈட்டர்’ 2012இல் தொடங்கி, 2018 முதல் நெட்ஃபிளிக்ஸ்வழி உலகெங்கும் பரவியது. இதில் கொல்லும் கணம் உச்சமாக அமைவதில்லை. இறைச்சியை அறுத்துச் சமைத்து உண்ணுதலே நிகழ்ச்சியின் நிறைவாகிறது. ஒன்றும் கிட்டாமல் திரும்பும் வேட்டைகளும் காட்டப்படுகின்றன. பொது நிலங்களில் வேட்டையாடுதலும் உடன்வருவோரின் அறிவை வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளுதலும் இதன் சிறப்புகள்.

எனினும் இதனையும் ஐயமின்றி ஏற்றல் தகாது. ரினெல்லாவின் பெயரோடு வளர்ந்த நிறுவனம் முதலீட்டாளர் துணையுடன் வேட்டை உடைகளையும் கருவிகளையும் விற்கும் பெருவணிகமாகியுள்ளது. எளிமையும் தோல்வியை ஒப்புக்கொள்ளும் பண்பும்கூட விற்பனைக்குரிய பண்புகளாக மாறக்கூடும். ஆயினும், தோல்வியைக் காட்டும் நிகழ்ச்சியில் வெற்றியை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. எப்போதும் வெல்லும் நிகழ்ச்சியில் அக்காரணம் இல்லை.

தமிழ் மரபு தரும் அளவுகோல்

வேட்டையையும் வேட்டைப் புகழையும் பிரித்தறிவதற்குத் தமிழிலக்கியம் ஓர் அளவுகோலைத் தருகிறது. புறநானூற்று 152ஆம் பாடலில் வன்பரணர், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடுகிறார். ஓரம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஊடுருவியதாக அவர் கூறுவது மிகைப்படுத்தலே. தொலைக்காட்சித் தொகுப்பாளர் எவரும் இதனினும் மிகைப்படுத்திவிட இயலாது. ஆனால் அங்கு மிகைப்படுத்துபவர் புலவர். தம் புகழைக் கேட்ட ஓரியோ நாணுகிறான். பின்னர் மான் இறைச்சியும் மதுவும் பொன்னும் வழங்குகிறான். எய்பவன் வேறு, பாடுபவன் வேறு என்பதால் கேட்பவர் இருவரையும் தனித்தனியே மதிப்பிட இயலுகிறது.

சேக்கிழாரின் திண்ணனார் வரலாற்றில் இன்னொரு நுட்பம் உண்டு. முதல் வேட்டையில் பன்றியைத் துரத்தி வீழ்த்தியவர் திண்ணனார். எனினும் அவரோடு ஓடிவந்த நாணன், காடன் ஆகிய இருவரின் பெயர்களையும் சேக்கிழார் பதிவு செய்கிறார். அவர்தம் களைப்பும் பசியும்கூடக் காப்பியத்தில் இடம்பெறுகின்றன. தலைவனின் பெருமை துணைவரை மறைப்பதால் வளர்வதன்று என்பதைக் காப்பியப் புலவர் அறிந்திருந்தார்.

தொலைக்காட்சியில் வேட்டுவர், புலவர், வணிகர் ஆகிய மூவரும் ஒருவராகிவிடுகின்றனர். எய்பவரே தம்மைப் பாடுகிறார். பாடியவரே அம்பை விற்கிறார். ஐயம் பிறப்பது இவ்விடத்திலேதான்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவு இதுவாகும். புகழ்பெற்ற தொலைக்காட்சி வேட்டுவர் பலரும் தேர்ச்சியற்றவர் அல்லர். சிலர் சராசரி வேட்டைக்காரரினும் மிகத் தேர்ந்தவர். ஆனால் அத்தேர்ச்சிக்கு அவர்தம் நிகழ்ச்சிகள் சான்றாகமாட்டா. ஏனெனில், தேர்ச்சி புலப்படும் இடங்களாகிய காத்திருத்தல், தவறுதல், தடம் தேடுதல், எய்யாது விடுதல் ஆகியவற்றையே தொகுப்பு முதலில் வெட்டுகிறது. ஆகவே, ஒரு வேட்டை நிகழ்ச்சியின் மெய்ம்மையை அளக்க விரும்புவோர் வீழ்ந்த விலங்கின் கொம்பை அளத்தல் வேண்டா. வேலி காட்டப்படுகிறதா, வழிகாட்டியின் பெயர் சொல்லப்படுகிறதா, தப்பிய கரடி கணக்கில் வருகிறதா என்னும் மூன்றையும் நோக்கினால் போதும்.

காட்சி ஊடகத்தை வகுப்பறையில் கையாளும் ஆசிரியர்க்கும் இவ்வளவுகோல் பயன்படும். காட்டப்பட்டது மெய்யா என்று மாணவரைக் கேட்பதைக் காட்டிலும், காட்டப்படாதது எது என்று கேட்பதே நற்பயன் தரும். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவர் வேட்டையை மட்டுமன்றிச் செய்தியையும் விளம்பரத்தையும் வரலாற்றையும் வாசிக்கக் கற்றுக்கொள்வர்.